டிரைவர் ஏழுமலையின் இடுப்பளவு

சென்ற மாதம் ரம்யா போன் செய்தார். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் அவர். கிளினிக்கில் புது மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். வெறுங்காலோடு ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டால், உடம்பில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை, வயிற்றுக்குள் எவ்வளவு என்று சீட்டில் அடித்துக் கொடுத்துவிடுமாம்.

"இனிமே டேப் பிடிக்கற வேலை இல்ல சார். இத்தனை வருஷம் பிடிச்சீங்களே, அதப் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்க. புதுசா சேர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கறேன்" என்றார்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் எதிர்பார்ப்பது நல்ல செய்திகளாக இருக்கலாம். நல்லதும் நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒருவர் முகம்தான் வருகிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் படிக்கிறபோது கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போவேன் என்றுதான் நினைத்திருந்தேன். வேலை கிடைத்தது திண்டிவனத்தில், ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கையைத் தூக்கிவிடுவதிலும், இடுப்பெலும்பு முறிந்தவர்களை நிற்க வைப்பதிலும் முதல் இருபது வருடம் போனது.

அதன்பிறகுதான் டாக்டர் கமலவேணி வந்தார். பொது மருத்துவர். ஐம்பத்தைந்து வயது தாண்டிய ஆண்களுக்கென்று தனியாக ஒரு கிளினிக் ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை திண்டிவனத்தில், வெள்ளிக்கிழமை எங்கள் விழுப்புரம் கிளையில். பெண்களுக்கு எத்தனையோ முகாம் நடக்கிறது, இந்த வயசு ஆண்கள் மாரைப் பிடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்பது அவர் வருத்தம். சர்க்கரை, ரத்த அழுத்தம் அவர் பார்ப்பார். வயிற்றைச் சுற்றி அளந்து, எவ்வளவு நடக்க வேண்டும், என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை.

வயிற்றை அளப்பதில் என்ன இருக்கிறது என்று முதல் நாள் தொப்புளைச் சுற்றி டேப்பைப் போட்டு ஓர் எண்ணைச் சொன்னேன். டாக்டர் எழுந்து வந்து என் கையிலிருந்து டேப்பை வாங்கிக்கொண்டார். உயரம் குறைந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளியிடம், "ஐயா, வேட்டியைக் கொஞ்சம் தளர்த்திக்கோங்க" என்றார். விலாவில் விரலை வைத்துக் கடைசி எலும்பைத் தேடினார். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தேடினார். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியில் டேப் சுற்றிலும் தரைக்குச் சமமாக இருக்கிறதா என்று குனிந்து முதுகுப் பக்கமும் பார்த்தார்.

ஆண்கள் எல்லோரும் டேப்பைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். எண்பது வயதுக்காரரும் இழுப்பார். இழுக்காதீர்கள் என்று சொன்னால் இன்னும் இழுப்பார். அதனால் டாக்டர் அவர்களிடம் ஏதாவது கேட்பார். "எந்த பஸ்ல வந்தீங்க? உக்கார எடம் கெடச்சுதா?" பதில் சொல்லி முடிக்கிற மூச்சில் வயிறு தானாக வெளியே வரும். அப்போது அளப்பார். இரண்டு தடவை அளப்பார். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் தடவை.

அதோடு விட்டதில்லை. ஆளை உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் கட்டைவிரலால் அழுத்துவார். நீர் கோத்துக் குழி விழுகிறதா என்று பார்ப்பார். தசை வற்றியிருக்கிறதா என்று புஜத்தைப் பிடித்துப் பார்ப்பார். கடைசியாகக் கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றின் பக்கவாட்டில் இடது கையை வைத்து வலது கை விரலால் தட்டுவார். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி தட்டுவார்.

"நின்னுக்கிட்டு இருக்கும்போது கொழுப்பும் ஒரே மாதிரிதான் தெரியும், உள்ள தண்ணி கோத்திருந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும்" என்றார் என்னிடம். "புதுசா வர்றவங்க எல்லாரையும் படுக்க வைங்க. பழையவங்கள மூணு தடவைக்கு ஒருதரம். வேலை அதிகம்னு விட்டுடாதீங்க. தட்டறப்ப சத்தம் மாறுச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க."

நான் செய்தேன். அவர் இருந்தவரைக்கும் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

முகையூர்ப் பக்கத்திலிருந்து கலியபெருமாள் என்று ஒரு விவசாயி வந்தார். அறுபத்தாறு வயது. நடக்க வேண்டும் என்று நான் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "நான் கழனிக்காரன் சார். என்னப் போயி நடக்கச் சொல்றீங்க?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டாக்டர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

"மோட்டார் போட எப்படிப் போவீங்க?"

"எங்கம்மா போறது? போன்லயே போட்டுடுவேன்."

"உழவு?"

"டிராக்டர்."

"மல்லாட்டை பறிக்க?" நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது.

"ஆளுங்க இருக்காங்க."

"கழனிக்குப் போக?"

"டிவிஎஸ் கீது." சொல்லிவிட்டு நான்கையும் விரல்விட்டு எண்ணினார். பிறகு அவரே சிரித்துவிட்டார். "நீங்க கேக்கறதப் பாத்தா, நான் கட்டில்லருந்து வண்டி வரைக்கும்தான் நடக்கறேன்."

ஆனாலும் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. கையில் ஒன்றுமில்லாமல் ஒரு பெரிய மனுஷன் ரோட்டில் போவதும் வருவதுமாக இருந்தால் ஊர் சிரிக்கும். "அப்ப ஒரு அருவாளை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் டாக்டர். அப்படியே ஆறு மாதம் விடியற்காலையில் கையில் அரிவாளோடு நடந்தார். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. எடை மெஷினைப் பார்த்து மனம் உடைந்துபோனார். வயிறு ஆறு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. இந்த வயதில் எடையைப் பார்த்து ஏமாறக்கூடாது, வயிற்றுக்குள் இருப்பது கரைந்தால் அதுவே பெரிது என்று டாக்டர் அவருக்குப் புரியவைத்தார். வேட்டியை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிக்கொண்டு அவர் போனது நினைவிருக்கிறது.

ஏழுமலை அண்ணன் வந்தது அதற்கு அடுத்த வருடம், விழுப்புரம் கிளைக்கு. அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். வீடு வளவனூரில். விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் திண்டிவனம் வழியாக வருடக்கணக்காக ஓட்டியவர். சர்க்கரை இருந்தது. இடுப்பளவு நூற்றெட்டு சென்டிமீட்டர். ஆண்களுக்குத் தொண்ணூறுக்குள் இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது வழக்கம்.

"பீடி, சரக்கு எதுவும் கெடையாது சார். உக்காந்து உக்காந்து வந்த வயிறு இது. கடைசி ரெண்டு வருஷம் ஸ்டியரிங்கு இடிக்கும்" என்றார்.

அன்று படுக்கவைத்துத் தட்டிப் பார்த்தேன். சத்தம் சரியாகத்தான் இருந்தது.

அவரைப்போல் சொன்னதைச் செய்தவர் யாரும் இல்லை. வீட்டிலிருந்து ஏரிக்கரை வரை போவது ஒரு சிங்கிள், திரும்பி வருவது ஒரு சிங்கிள். பஸ்காரர்கள் ஒருவழிப் பயணத்துக்குச் சொல்கிற வார்த்தை. "காலையில ரெண்டு சிங்கிள் அடிச்சிட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிற பயிற்சியும் தவறாமல் செய்தார். எட்டு மாதத்தில் நூற்றிரண்டுக்கு வந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு அவரைத்தான் காட்டுவோம். அவர்களிடம் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார். "மொத வாரம் பேஜாராத்தான் இருக்கும். அப்பால சரியாயிடும்."

அந்தச் சமயத்தில் டாக்டர் கமலவேணி ஓய்வுபெற்றுக் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு நிரந்தரமாக யாரும் வரவில்லை. மாதத்துக்கு ஒரு டாக்டர் வந்தார். வந்தவர்கள் மாத்திரையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கிளினிக்கின் பெயர் பரவிக் கூட்டம் இரண்டு மடங்கானது. விழுப்புரத்தில் எங்கள் அறையிலிருந்த கட்டிலை ரத்தம் எடுக்கிற அறைக்கு மாற்றினார்கள். ஒருவரைப் படுக்கவைக்க வேண்டுமென்றால் அந்த அறைக்கு அழைத்துப்போய், அங்கே இருப்பவரை எழுப்பி, பத்து நிமிடம் ஆகும். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் படுக்கவைப்பதை நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன். கால் எலும்பை அழுத்திப் பார்ப்பதும் அதோடு போனது. டேப்பை மட்டும் பிடித்தேன்.

ஏழுமலை அண்ணனின் அளவு நூற்று நான்கானது. பொங்கல் நேரம், போகட்டும் என்று நினைத்தேன். அடுத்த தடவை நூற்றாறு.

"அண்ணே, நடக்கறத வுட்டுட்டீங்களா?"

"இல்ல சார். நாலு சிங்கிளா ஆக்கிட்டேன்."

"அப்ப வாய் சும்மா இல்ல."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த தடவை நூற்றொன்பது. எடை பழையபடியே இருந்தது. வந்த அளவையும் தாண்டிப் போய்விட்டார் என்று எனக்கு எரிச்சல். எங்கள் கிளினிக்கின் பெயரையே அவர் கெடுப்பதுபோல எனக்குத் தோன்றியது. அன்று அவரோடு அவர் மனைவி அஞ்சலாட்சியும் வந்திருந்தார்.

"அம்மா, இவுரு வெளியில ஏதோ சாப்பிடறாரு. நீங்க கவனிக்கறதில்ல" என்றேன், எல்லோர் முன்னாலும்.

"டீக்கடைக்குப் போறாரு சார். பஜ்ஜி துன்றாரோ இன்னாவோ எனுக்குத் தெரியல."

"டீ மட்டுந்தான் சார், சக்கரை இல்லாம" என்றார் அவர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இனிமே ராத்திரிச் சாப்பாட்ட நிறுத்துங்க. ஒரு டம்ளர் மோரு போதும்."

எழுந்து போகும்போது அந்த அம்மாள் கதவருகில் நின்றார். "சார், வயிறுதான் பெருசா கீது. கையி பாருங்க, குச்சியாட்டம் ஆயிகினு வருது. சட்டையெல்லாம் தோள்ல நிக்க மாட்டேங்குது."

"நடந்தா அப்படித்தாம்மா. உடம்பு வத்தும்" என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இதை எழுதும்போது அந்தச் சட்டை எனக்குத் தெரிகிறது. காக்கிக் கலரில் அரைக்கைச் சட்டை, தோள் தையல் புஜத்தின் பாதிவரை இறங்கியிருந்தது. அன்றும் அது என் கண்ணில் பட்டதுதான்.

அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தார். பெஞ்சில் இப்போது யாரிடமும் பேசுவதில்லை. நான் கேட்பதற்கு முன்பே, "ராத்திரி ஒன்னும் துன்றதில்ல சார்" என்பார். டேப்பைச் சுற்றினால் இன்னும் கூடியிருக்கும். நான் எண்ணைச் சொல்லாமல் எழுதிக்கொண்டு தலையை ஆட்டுவேன். அந்தத் தலையாட்டல் திட்டுவதைவிட மோசம்.

மூன்றாம் தடவை, வாசலில் சக்கர நாற்காலிக்காகப் போட்டிருக்கும் சரிவுப் பாதையில் ஏறி வந்தவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நான் ஓடிப்போனேன். எழுப்புவதற்காகக் காலைப் பிடித்தபோது என் விரல் பதிந்த இடம் அப்படியே பள்ளமாக நின்றது. மேலே வரவில்லை.

ரத்த அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன். சட்டையைத் தூக்கினேன். பக்கவாட்டில் கையை வைத்துத் தட்டினேன். நிறைகுடத்தைத் தட்டினாற்போல் சத்தம் அடங்கி வந்தது. ஒருக்களிக்கச் சொல்லித் தட்டினேன். தண்ணீர் கீழே இறங்கி, மேல்பக்கம் மட்டும் ஒலித்தது. மூன்று தடவை தட்டினேன். தேவையில்லை, ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், இன்ஜினே போயிடுச்சா?" என்றார்.

அஞ்சலாட்சி அம்மாளை வரவழைத்து, அன்றே பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு நானும் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் சுருங்கி முடிச்சு முடிச்சாக ஆகியிருந்தது. அதில் ஒரு கட்டியும் இருந்தது. ஒரு சொட்டுக் குடிக்காத மனிதருக்கு எப்படி என்று அஞ்சலாட்சி அம்மாள் கேட்டார். கல்லீரலில் கொழுப்பு படிந்து படிந்து, சர்க்கரையும் சேர்ந்து, சில பேருக்கு இப்படி ஆகும் என்றார் அங்கிருந்த டாக்டர். இளவயதுப் பெண். கேஸ் தாளைப் புரட்டிக்கொண்டே, "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார்.

"ராத்திரி சாப்புடறது இல்ல மேடம். நாலு மாசமா" என்றார் ஏழுமலை அண்ணன்.

டாக்டர் நிமிர்ந்தார். "யார் சொன்னது? இந்த நோய் இருக்கறவங்க பட்டினியே கிடக்கக்கூடாது. ராத்திரி சாப்பிடலன்னா உடம்பு தன் தசையையே எடுத்துக்கும். அதான் கை கால் எல்லாம் இப்படி இருக்கு."

ஏழுமலை அண்ணன் தரையைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். நானாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த அறையில் நான் சொல்லவில்லை.

பிறகு தனியாகப் போய் அந்த டாக்டரிடம் சொன்னேன். இனி அதிக நாள் இல்லை என்றார். முன்பே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "கட்டி எப்ப வந்ததுன்னு சொல்ல முடியாது சார். பிழைச்சிருப்பாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தண்ணிய எடுத்து, மருந்து குடுத்து, நல்லா சாப்பிட வச்சிருந்தா அந்த மாசங்கள் இப்படிப் போயிருக்காது" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமையே கட்டிலை எங்கள் அறைக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆள் இல்லையென்றார்கள், நானே ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன். அன்றிலிருந்து ஓய்வுபெறும் நாள்வரை, எத்தனை பேர் காத்திருந்தாலும் படுக்கவைத்துத் தட்டிப் பார்க்காமல் ஒருவரையும் அனுப்பவில்லை. இரண்டு பேருக்கு வேளையோடு பிடிபட்டது. அதை ஈடு என்று நான் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வளவனூர் போனேன். கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. முன்னறையில் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. அஞ்சலாட்சி அம்மாள் உள்ளே அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், குந்துங்க" என்றார். குரல் மெலிந்திருந்தது. நான் உட்கார்ந்ததும் சொன்னார்: "ஒன்னே ஒன்னு சார். நீங்க நம்பணும். நான் மெய்யாலுமே எதுவும் துன்னல. இவ டீக்கடைக்காரன்கிட்டயே போயி, எங்க வூட்டுக்காருக்கு பஜ்ஜி குடுக்காதன்னு சொல்லிட்டு வந்தா. எத்தினி வருசமா என்னப் பாத்துகினு கீறவன் அவன். அங்க போறதையே நிறுத்திட்டேன்."

"அண்ணே, உங்க மேல தப்பில்ல" என்றேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. "உங்க வயித்துல ஏறுனது சோறு இல்ல, தண்ணி. படுக்கவச்சுத் தட்டிப் பாத்திருந்தா எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். அது என் வேலை. நான் செய்யல. செய்யாம உங்க மேல பழியப் போட்டேன். சாப்பாட்ட நிறுத்தச் சொன்னதும் தப்பு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா அஞ்சல? சாரே சொல்றாரு. நான் ஏமாத்தல."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேலையில் இருந்தபோது மேல்மருவத்தூர் தாண்டி ஒருநாள் பிரேக் பிடிக்காமல் போனதையும், கியரை இறக்கி இறக்கி எப்படி வண்டியை நிறுத்தினார் என்பதையும் கொஞ்ச நேரம் சொன்னார். பிறகு தூங்கிவிட்டார்.

பதினோரு நாளில் போய்விட்டார். அன்று எனக்குத் தகவல் வரவில்லை. மறுநாள்தான் தெரிந்தது. காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி வளவனூர் போனேன். அந்த அம்மாள் தனியாக இருந்தார். அவர் என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. "சாப்புட்டுப் போங்க" என்றார். வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. தட்டைக் கழுவி வைத்தார்.

சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ராத்திரியில மோரக் குடிச்சிட்டுப் படுப்பாரு. ரெண்டு தரம் கேட்டாரு சார். 'அஞ்சல, ஒரு கை சோறு இருந்தா போடு'ன்னாரு. சார் கோவிச்சிக்குவாருன்னு நான் போடல. பானையில சோறு இருந்துச்சி."

அவர் குரலில் என்மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். நான் குனிந்து சாப்பிட்டேன். தட்டில் இருந்தது தீர்வதற்குள் இன்னொரு கரண்டி போட்டார். அது தீர்வதற்குள் இன்னொன்று. போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போட்டுக்கொண்டே இருந்தார். நான் கடைசிவரை சாப்பிட்டேன்.